‘சில்வர்’ எங்கிருந்து வந்தது?

எவர்சில்வர் பாத்திரத்தில் வெள்ளியே இல்லையே, பிறகு ‘சில்வர்’ என்ற சொல் எப்படி வந்தது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பாத்திரம் எஃகு, பெயரில் மட்டும்தான் வெள்ளி. அந்தப் பெயரின் பிறப்போ இன்னும் தீராத வழக்கு.

‘சில்வர்’ ஆங்கிலச் சொல். ஆங்கிலத்தின் உறவு மொழிகளில் பார்த்தால் கோத்திக்கில் சிலுபர், பழைய நோர்ஸில் சில்ஃப்ர், பழைய ஜெர்மனில் சிலபர். இவற்றை ஒப்பிட்டு, இம்மொழிகளுக்கெல்லாம் தாயான மூல ஜெர்மானியத்துக்கு *சிலுப்ர என்று மீட்டுருவாக்குகிறார்கள் (ப-வை ‘அன்பு’வில் வருவதுபோல் ஒலிக்கவும்). எழுத்துச் சான்று இல்லாத வடிவம் என்பதற்கே முன்னால் நட்சத்திரக் குறி.

அதற்கு மேல் ஏறினால் படி இல்லை. லத்தீன் அர்கெந்தும், சமஸ்கிருத ரஜதம் இரண்டும் வெண்மையைக் குறிக்கும் ஒரே வேரில் பிறந்தவை, நம் ‘வெள்’ளிலிருந்து வெள்ளி வந்ததுபோல. ஜெர்மானியத்தில் அந்தச் சொல் வழங்கவில்லை. லிதுவேனியனின் சிதாப்ரஸ், பழைய ஸ்லாவியத்தின் சிரெப்ரோ ஆகியவைதான் *சிலுப்ரவுக்கு நெருக்கம்.

ஒரே சொல் என்று காது சொல்லும். ஒலிவிதி ஒப்பாது. லத்தீன் பாட்டர், பிஸ்கிஸ் என்றால் ஆங்கிலத்தில் ஃபாதர், ஃபிஷ். சொல்லின் முதலில் நிற்கும் ப, இப்படி ஒழுங்காக ஃப ஆகும். அந்த ஒழுங்குதான் உறவுக்குச் சான்று. வெள்ளியில் முதல் ச-வும் பின்னால் வரும் ப-வும் பொருந்துகின்றன. நடுவில் மட்டும் ஒருவர் த, ஒருவர் ர, ஒருவர் ல. ஒரே தாயொலி இந்த மூன்றாகவும் பிரிய விதி கிடையாது.

இங்கே அழகான ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரே சொல்லில் இரண்டு ர வந்தால் நாக்கு தடுமாறி ஒன்றை ல ஆக்கிவிடும். லத்தீன் பெரெக்ரினுஸ் ஆங்கிலத்தில் பில்கிரிம் ஆனது அப்படித்தான். சிரெப்ரோவில் முதல் ர மாறினால் ஜெர்மானிய வடிவம்; இரண்டாவது மாறினால், லிதுவேனியனுக்கு உறவான, வழக்கொழிந்த பழைய பிரஷ்யனின் சிரப்லன்! ஆனால் இது எப்போதாவது நடப்பது. இதை மட்டும் வைத்துப் பொதுத்தாயை நிறுவ முடியாது.

1970-இல் ஸ்பெயினின் போட்டொரிட்டாவில் கிடைத்த வெண்கலத் தகட்டில், அங்கே பண்டு வழங்கிய கெல்டிபீரிய மொழியில், ‘சிலபுர்’ என்றிருக்கிறது. இதுவரை சொன்ன மொழிகளெல்லாம் சேர்ந்த இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தையே சேராத பாஸ்க் மொழியில் ‘சிலார்’. ஆகவே இது உலோகத்தோடு கைமாறிய சொல் என்பதே பலர் கருத்து, என் கருத்தும். சிலர் பண்டைய மெசபடோமியாவின் மொழியான அக்காடியனின் ‘சர்பு’வைக் காட்டுகிறார்கள். அது ‘புடமிட்டது’ என்று பொருள்படும். வெள்ளி கலந்த ஈயத்தை எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் உருக்கிக் காற்றை ஊதினால், ஈயம் ஆக்சைடாகிக் கிண்ணத்தில் உறிஞ்சப்படும். வெள்ளி மணியாக நிற்கும். அந்தத் தொழிலோடு பெயரும் பயணித்திருக்கலாம். ஆனால் மெசபடோமியாவுக்கும் பால்டிக் கரைக்கும் நடுவே கண்ணி அறுந்து கிடக்கிறது.

அந்த இடைவெளியில் ஒலி ஒத்த ஒரு தமிழ் வேரைச் செருகுவோரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நடுவில் நிற்கும் அந்த ல, ர, த-வுக்கு உங்கள் விதி என்ன?