கேட்டிடிட்டுக்கு 'நீள்கொம்பு வெட்டுக்கிளி'ங்கற பேர் வேண்டவே வேண்டாம்

இந்த மாசத்துல இது மூணாவது தடவை. டிவில தமிழ் டப்பிங்ல ஒரு காட்டு நிகழ்ச்சி, ராத்திரி காட்சி, இலை மாதிரியே சிறகு வச்ச ஒரு பச்சைப் பூச்சி கிளைல உக்காந்து கத்திட்டு இருக்கு, பின்னாடி ஒரு கனத்த குரல் "நீண்ட கொம்பு வெட்டுக்கிளி தன் இணையை அழைக்கிறது"ன்னு சொல்லுது. பக்கத்துல உக்காந்திருந்த அண்ணன் பொண்ணு, மூணாங்கிளாஸ் படிக்கறா, "சித்தப்பா, இதுக்கு கொம்பு எங்க இருக்கு?"ன்னு கேட்டா. தலைல ரெண்டு நூல் மாதிரி ஆடுதே அதுதான்னு காட்டினேன். "அது மீசைல்ல"ன்னா. அவ சொன்னதுதான் சரி. கரப்பான்பூச்சிக்கு இருக்கறத நம்ம வீடுகள்ல மீசைன்னுதான் சொல்றோம், கொம்புன்னு யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

அந்தப் பூச்சிக்கு இங்கிலீஷ்ல கேட்டிடிட்ன்னு பேர். முதல்ல அந்தச் சொல்ல பாத்துடலாம், அதுல பெரிய சிக்கல் இல்ல. கேட்டிடிட்ங்கறது அமெரிக்காவோட கிழக்குப் பக்கம் ஓக் மரங்கள்ல ராத்திரி கத்துற ஒரு பூச்சியோட சத்தம். 'கேட்டி டிட், கேட்டி டிடின்ட்', அதாவது 'கேட்டிங்கற பொண்ணு செஞ்சா, இல்ல செய்யல'ன்னு ரெண்டு கட்சி சண்டை போடற மாதிரி அங்க இருக்கறவங்க காதுக்கு கேட்டுச்சு, அதையே பேரா வச்சுட்டாங்க. அந்த ஒரு இனத்தோட அறிவியல் பேர் டெரோஃபில்லா கேமெல்லிஃபோலியா, இலைச்சிறகு, கமெலியா இலைன்னு அர்த்தம். அப்புறம் அந்தப் பேர அமெரிக்காவுல குடும்பம் மொத்தத்துக்கும் நீட்டிட்டாங்க. குடும்பத்தோட பேர் டெட்டிகோனிடே, உலகம் முழுக்க சுமார் 8000 இனம் இருக்கு. பிரிட்டன்ல இதையே புஷ் கிரிக்கெட், அதாவது புதர்ச் சுவர்க்கோழின்னு சொல்றாங்க. பழைய புஸ்தகங்கள்ல லாங் ஹார்ன்ட் கிராஸ்ஹாப்பர்ன்னு இருக்கும். அந்த மூணாவது பேர்தான் நம்ம ஊருக்கு வந்து நீள்கொம்பு வெட்டுக்கிளி ஆயிடுச்சு, சண்டையும் அங்கதான்.

இந்தப் பேர்ல ரெண்டு தப்பு. கொம்பு சின்ன தப்பு, வெட்டுக்கிளி பெரிய தப்பு.

கொம்ப பத்தி சொன்னா உடனே ஒருத்தர் பாடபுஸ்தகத்துல உணர்கொம்புன்னு இருக்கேன்னு வருவார். இருக்கு, ஒத்துக்கறேன், உணர்கொம்பு முழுச் சொல்லா நிக்கும்போது அர்த்தம் தெளிவாத்தான் இருக்கு. அதுல இருந்து 'உணர்'ர வெட்டி எறிஞ்சுட்டு வெறும் கொம்ப மட்டும் வச்சா அது மாட்டுக்கொம்புதான். இங்கிலீஷ்ல ஹார்ன்ன்னு இருக்குறதால தமிழ்லயும் கொம்புன்னே இருக்கணும்னு எந்தச் சட்டமும் கிடையாது. அந்தப் பூச்சிய ஒரு தடவையாவது கைல பிடிச்சு பாத்திருந்தா இப்படி எழுத மனசு வந்திருக்காது. எங்க ஊர் தென்காசிப் பக்கம், ஐப்பசி மழை விட்ட ராத்திரில டியூப்லைட் வெளிச்சத்துக்கு ஒண்ணு ரெண்டு வந்து சுவத்துல உக்காரும். போன வருஷம் ஒண்ண கண்ணாடி டம்ளர் போட்டு மூடி, போன் கேமராவ கிட்ட வச்சு பாத்தேன். மீசை தலைல இருந்து கிளம்பி உடம்பத் தாண்டி, மடிச்ச சிறகையும் தாண்டி போகுது, தலைமுடிய விட மெலிசு, ஒவ்வொரு மீசையும் தனித்தனியா ஒரு திசைய துழாவிட்டே இருக்கு. முன்னங்கால் முட்டிக்கு கொஞ்சம் கீழ கீறல் விட்ட மாதிரி சின்ன பிளவு, அதுதான் அதோட காது. ஆமா, காது கால்லதான். வால் பக்கம் அரிவாள் மாதிரி வளைஞ்சு தட்டையா ஒண்ணு நீட்டிட்டு இருந்துச்சு, எங்க அம்மா அத பாத்துட்டு கொட்டிடும்டா விடுன்னு சத்தம் போட்டாங்க. அது கொடுக்கு இல்ல, முட்டை வைக்கிற உறுப்பு, பெண்ணுக்கு மட்டும் இருக்கும். செடியோட தண்டுலயோ பட்டைலயோ, சில இனம் மண்ணுலயோ, கீறி உள்ள முட்டைய சொருகறதுக்கு அந்தக் கத்தி.

இப்போ பெரிய தப்புக்கு வரேன். அந்தக் கத்திலதான் விஷயமே இருக்கு. வெட்டுக்கிளி, சுவர்க்கோழி, பிள்ளைப்பூச்சி, கேட்டிடிட் எல்லாமே ஆர்த்தாப்டெராங்கற ஒரே வரிசைல வரும், நேர்ச்சிறகுன்னு அர்த்தம். இந்த வரிசை ரெண்டா பிரியுது. ஒண்ணு சீலிஃபெரா, லத்தீன்ல உளி ஏந்தினதுன்னு பொருள். இன்னொண்ணு என்சிஃபெரா, வாள் ஏந்தினது. பெண்ணோட முட்டை வைக்கிற உறுப்ப பாத்து வச்ச பேருங்க, உளிக்காரங்க ஒரு பக்கம் வாள்காரங்க ஒரு பக்கம், தமிழ்ல சொன்னாலே எவ்வளவு அழகா புரியுது பாருங்க. நம்ம வெட்டுக்கிளி உளிக்கட்சி. மீசை குட்டை, காது வயித்துப் பக்கம், சத்தம் போடுறது பெரும்பாலும் பின்னங்கால சிறகுல உரசி, புழங்கறது பகல்ல. சுவர்க்கோழி வாள்கட்சி. மீசை நீளம், காது முன்னங்கால்ல, சத்தம் ரெண்டு முன்சிறகையும் ஒண்ணோட ஒண்ணு உரசி, கத்துறது ராத்திரில. கேட்டிடிட் எந்தக் கட்சின்னு இனிமே நான் சொல்லணுமா? மீசை, காது, பாட்டு, பொழுது எல்லாமே சுவர்க்கோழி பக்கம். வெட்டுக்கிளி மாதிரி இருக்கறது பச்சை நிறமும் நீளமான பின்னங்காலும் மட்டும்தான். அதனால 'நீள்கொம்பு வெட்டுக்கிளி'ங்கறது வெட்டுக்கிளில ஒரு வகைன்னு படிக்கறவன் மனசுல பதிய வைக்குது, அது நேர் தப்பு. பக்கத்து வீட்டுக்காரர் முகஜாடை இருக்குன்னு ஒருத்தர அவங்க குடும்ப அட்டைல சேக்கற கதை.

இங்கிலீஷ்காரங்களே அந்தப் பழைய பேர இப்ப ஒதுக்கி வச்சுட்டாங்க, அறிவியல் எழுத்துல பாருங்க, கேட்டிடிட் இல்லன்னா புஷ் கிரிக்கெட்தான். அவங்க கழட்டிப் போட்ட சட்டைய நாம எடுத்து புதுசுன்னு மாட்டிக்கறோம். அவங்க பக்கமும் குழப்பம் கொஞ்சமில்ல, ஒரு காலத்துல கேட்டிடிட் குடும்பத்துக்கே லோகஸ்டிடேன்னு பேர் வச்சிருந்தாங்க, லோகஸ்ட்ன்னா வெட்டுக்கிளி, இப்ப இருக்கற டெட்டிகோனிடேக்கு வேர் கிரேக்கத்துல டெட்டிக்ஸ், அது மரத்துல பகல்ல கத்துற சிகாடா, அதாவது நம்ம சில்வண்டு, வரிசையே வேற. மார்மன் கிரிக்கெட்ன்னு ஒண்ணு, 1848ல சால்ட் லேக் பள்ளத்தாக்குல குடியேறினவங்க பயிர அழிச்சது, பேர்ல கிரிக்கெட் இருந்தாலும் அது கேட்டிடிட். அவங்க குழப்பம் அவங்களுக்கு வரலாறு, அத ஏன் நாம சுமக்கணும்?

"ஊர்ல தாவுற பச்சைப் பூச்சி எல்லாமே வெட்டுக்கிளிதானே, ஜனங்க சொல்றத விட்டுட்டு என்ன பெரிய பாகுபாடு"ன்னு ஒரு வாதம் வரும். நியாயமான கேள்விதான். வயல்ல நின்னு பேசும்போது அப்படியே சொல்லிக்கலாம், யாரும் தடுக்கல. ஆனா ஜனங்க ஒண்ணும் பாகுபாடு தெரியாதவங்க இல்ல, மண்ணத் தோண்டுறதுக்கு பிள்ளைப்பூச்சி, சுவத்து இடுக்குல கத்துறதுக்கு சுவர்க்கோழி, பயிர வெட்டுறதுக்கு வெட்டுக்கிளின்னு தனித்தனியா பேர் வச்சவங்க அவங்கதான். பேர் தப்பானா நஷ்டமும் உண்டு. 2020ல ராஜஸ்தான் பக்கம் பாலைவன வெட்டுக்கிளி கூட்டம் கூட்டமா வந்துச்சே, அப்ப எங்க தெருவுல ஒருத்தர் கொய்யா மரத்துல தனியா உக்காந்திருந்த கேட்டிடிட்ட பாத்துட்டு பாலைவன வெட்டுக்கிளி தென்காசிக்கே வந்துடுச்சுன்னு மரம் பூரா மருந்தடிச்சார். அந்த வருஷம் அந்தக் கொய்யாவ யாரும் வாய்ல வைக்கல. மீசைய பாருங்க, நீளமா இருந்தா அது வெட்டுக்கிளியே இல்லன்னு ஒரு வரி யாராவது அவருக்கு தமிழ்ல சொல்லியிருந்தா போதும். 'நீள்கொம்பு வெட்டுக்கிளி'ன்னு சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு டேங்க் சேத்து அடிச்சிருப்பார்.

சரி, அப்ப என்ன பேர்தான் வைக்கிறதுன்னா, சிலர் இலைப்பூச்சிங்கறாங்க. அது ஏற்கெனவே வேற ஒருத்தருக்கு சொந்தம், குச்சிப்பூச்சியோட சொந்தக்காரன், தட்டையா இலையாவே இருக்கும், தாவாது, பாடாது. புதர் கிரிக்கெட்ன்னு எழுதறவங்களும் இருக்காங்க, அவங்ககிட்ட எனக்கு கோபமே வருது, சுவர்க்கோழிங்கற சொல்லு அகராதில இருக்கும்போது கிரிக்கெட்ட எதுக்கு இழுக்கணும், மட்டையா பந்தா? கேட்டிடிட்ன்னே விட்டுடலாம்ங்கற கட்சியும் உண்டு. அமெரிக்காவுல அந்த ஒரு இனத்துக்கு அப்படியே விடலாம், தப்பில்ல. ஆனா அது அவங்க ஊர்ப் பூச்சி அவங்க மொழில பேசினது. நம்ம மலைல கத்துறது எதுவும் கேட்டிய பத்தி பேசல. சிள்வீடுன்னு சங்கப்பாட்டுல வர்ற சொல்ல எடுக்கலாமான்னு கூட யோசிச்சேன், சத்தத்துல இருந்து பிறந்த அழகான சொல், ஆனா அது சில்வண்டோட பங்கு, அதுல கை வச்சா நானும் அந்த கிரேக்கக் குழப்பத்தையே செஞ்சவனாவேன். மலையாளத்துல பச்சக்குதிரன்னு சொல்வாங்க, ஜெர்மன்லயும் வைக்கோல் குதிரைன்னுதான் பேர், எனக்கு ரொம்ப பிடிச்சது அது, ஆனா நமக்கு பச்சைக்குதிரைன்னா குனிஞ்சு தாண்டுற விளையாட்டு.

என் முடிவு செடிக்கோழி. சுவத்துல இருந்து கத்தினா சுவர்க்கோழி, செடில இருந்து கத்தினா செடிக்கோழி. உறவு பேர்லயே தெரியுது, இருக்கற இடமும் தெரியுது, கத்துற குணமும் தெரியுது. இலைக்கோழின்னு வச்சிருக்கலாம், ஆனா தாமரை இலை மேல நடக்கற பறவைக்கு அந்தப் பேர் நிலைச்சுடுச்சு. தழைக்கோழின்னா தாழைக்கோழியோட ஒரு கால்லதான் வித்தியாசம், அச்சுல ஒரு எழுத்து பிசகினா பூச்சி பறவை ஆயிடும். செடிக்கோழில அந்தத் தொல்லை இல்ல. கோழின்னா பறவை நினைப்பு வராதான்னு கேட்டா, வெட்டுக்கிளிய சொல்லும்போது யாருக்காவது பச்சைக்கிளி நினைப்பு வருதா? பூச்சிக்கு பறவை பேர் வைக்கிறது நம்ம பழக்கம்தான், தத்துக்கிளியும் இருக்கே. வகை பிரிச்சு சொல்லவும் வசதி, மரப்பட்டை மாதிரி இருக்கற சாத்ரோஃபில்லியாவ பட்டைச் செடிக்கோழிங்கலாம், புல்லுல இருக்கற கூம்புத்தலை வகைய கூம்புத்தலைச் செடிக்கோழிங்கலாம். சுவர்க்கோழிகிட்ட இருந்து பிரிச்சு பாக்கறதும் எளிசு. செடிக்கோழிக்கு பாதத்துல நாலு கணு, சுவர்க்கோழிக்கு மூணு. செடிக்கோழிக்கு இடது சிறகு மேல இருக்கும், சுவர்க்கோழிக்கு பெரும்பாலும் வலது மேல. முட்டை உறுப்பு இதுக்கு கத்தி, அதுக்கு ஊசி.

மொழிபெயர்க்கறவங்ககிட்ட எனக்கு இருக்கற மனக்குறை இதுதான், பூச்சிய பாக்காம இங்கிலீஷ் பேர மட்டும் பாத்து எழுதறாங்க. கில்லர் வேல் டால்ஃபின் குடும்பம், தமிழ்ல அது கொலைகாரத் திமிங்கலம். கடற்கரைல மீனவங்க சொறின்னு ஒரே சொல்லுல சொல்றதுக்கு எழுத்துல ஜெல்லிமீன், அதுல மீன் எங்க இருக்கு? இதெல்லாம் சின்ன விஷயம்னு தள்ளிடாதீங்க. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துல ரோகிணி பாலகிருஷ்ணன் குழு மேற்குத்தொடர்ச்சி மலைல செடிக்கோழிகளோட பாட்ட வருஷக்கணக்கா ஆராய்ஞ்சிருக்காங்க. 2015ல அவங்க வெளியிட்ட ஒரு ஆய்வு, வௌவால் தங்கற இடத்துக்கு கீழ விழுந்து கிடந்த மிச்சத்த எண்ணி பாத்தா, உக்காந்த இடத்துல இருந்து பாடுற ஆண விட, சத்தமே போடாம அவன தேடி பறந்து போற பெண்தான் அதிகமா இரையாகியிருக்கு. பாடுறவன்தான் மாட்டுவான்னு நினைச்சிட்டிருந்தத புரட்டிப் போட்ட விஷயம் இது. இத தமிழ்ல ஒரு குழந்தைக்கு சொல்லணும்னா, இலைல உக்காந்து சிறகால பாடி, கால்ல இருக்கற காதால கேக்கற பூச்சின்னு முதல்ல புரியணும். வெட்டுக்கிளின்னு ஆரம்பிச்சா அந்தக் கதை முதல் வரிலயே செத்துடும்.

அண்ணன் பொண்ணு நோட்டுல ஒண்ண வரைஞ்சு வச்சிருக்கா, மீசைய தாளுக்கு வெளிய வரைக்கும் இழுத்து, கால் முட்டிக்கு கீழ ஒரு குட்டிக் காது போட்டு, கீழ கோணல் எழுத்துல செடிக்கோழி.