கழுத்துக்குள் ஒரு கிழிசல்

ரத்தக் குழாய் கிழிந்தால் ரத்தம் வெளியே கொட்டும் என்றுதான் நினைப்போம். கழுத்துத் தமனி கிழியும்போது பெரும்பாலும் அப்படி ஆவதில்லை. ரத்தம் சுவருக்குள்ளேயே இறங்குகிறது.

தமனியின் சுவர் மூன்று அடுக்கு: உள்ளே வழுவழுப்பான படலம், நடுவில் தசை, வெளியே உறை. உள்படலத்தில் சின்னக் கீறல் விழுந்தால் போதும், ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் அதில் புகுந்து அடுக்குகளைப் பிரித்துக்கொண்டே போகும். ஈரம் ஏறிய சுவரில் பூச்சு உப்பி நிற்குமே, அதுபோல. இதில் குழாய் குறுகி மூளைக்குப் போகும் ரத்தம் குறையும்; அதனாலும் பக்கவாதம் வரலாம். ஆனால் பக்கவாதம் வருவது பெரும்பாலும் வேறு வழியில். காயம் பட்ட இடத்தில் உடம்பு வழக்கம்போல ரத்தத்தை உறைய வைக்கிறது. அந்தக் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போய் அடைத்துக்கொள்கிறது.

அதனால் கிழிசலுக்கும் பக்கவாதத்துக்கும் நடுவே சில மணி நேரமோ சில நாட்களோ இடைவெளி இருக்கும். அப்போது தெரிவது பல நேரம் வலி மட்டும்தான்: ஒரு பக்கக் கழுத்திலோ தலையிலோ, இதுவரை வந்திராத மாதிரி. சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிடுவோம். சிலருக்கு அதே பக்கத்துக் கண்ணிமை லேசாகத் தொங்கும், கண்ணின் பாவை சிறுத்திருக்கும்; மங்கலான வெளிச்சத்தில் இரு கண்ணுக்குமான வித்தியாசம் நன்றாகத் தெரியும். கழுத்துக் கோளாறுக்குக் கண்ணில் என்ன வேலை? பாவையை விரிக்கும் நரம்பிழைகள் முன்கழுத்துத் தமனியைச் சுற்றிக்கொண்டுதான் மேலே ஏறுகின்றன. சுவர் உப்பினால் அவை பாதிக்கப்படும். 1869-இல் ஹார்னர் என்ற சுவிஸ் கண் மருத்துவர் விவரித்த அறிகுறி இது. கழுத்து வலியோடு இதுவும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கிழியக்கூடிய இன்னொரு குழாயான பின்கழுத்துத் தமனி கழுத்தெலும்புத் துளைகளின் வழியே நூல் கோத்த மாதிரி ஏறி, கழுத்தின் முதல் எலும்பின் மேல் வளைந்து மண்டைக்குள் நுழைகிறது. தலையை வெடுக்கென்று திருப்பினால் அந்த வளைவு இழுபடும். (இதை எழுதும்போது நானும் தலையைத் திருப்பிப் பார்த்தேன், மெதுவாகத்தான்.) விபத்து, கழுத்தைச் சொடுக்கும் சிகிச்சை, சமயத்தில் பலமான தும்மல்கூடக் காரணமாகலாம். சரி, தும்முகிற எல்லோருக்கும் கிழிவதில்லையே? சிலருக்குப் பிறவியிலேயே குழாய்ச் சுவர் பலவீனம். பலருக்குக் காரணமே பிடிபடாது.

ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய 3 பேருக்கு வருகிற அபூர்வ நோய்தான். ஆனாலும் இளவயதுப் பக்கவாதத்துக்கு முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று.

பெரும்பாலும் குழாயைத் தைக்க வேண்டியதில்லை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். பலருக்கு 3 முதல் 6 மாதத்தில் சுவர் தானாகவே ஒட்டிக்கொள்ளும். முதல் ஸ்கேனில் குழாயின் ஓரத்தில் வெள்ளைப் பிறையாகத் தெரிந்த ரத்தம், அப்புறம் எடுக்கும் ஸ்கேனில் இருக்காது.