வலது முழங்காலும் உப்புவெளிக் கரையும்

திருகோணமலையில் காலையில் ஓடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். விடியலில் உட்துறைமுக வீதிப் பக்கம் போனால் பார்க்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் அவர்களில் சிலர் இரண்டு மூன்று மாதத்தில் நொண்டிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். நான் இயன்மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட். "எங்க நோகுது?" என்று கேட்ட கையோடு "எந்தப் பாதையால ஓடுறீங்கள்?" என்றும் கேட்பேன். அநேகமாக இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் பிடிபடும்.

அண்மையில் ஒரு தம்பி வந்தார். இருபத்தாறு வயதிருக்கும். "மிஸ், வலது முழங்கால், வெளிப்பக்கம். நடக்கேக்க ஒண்டும் தெரியாது. ஓடத் தொடங்கிப் பத்து நிமிஷத்தில கத்தியால குத்தினமாதிரி." எக்ஸ்ரே எடுத்திருந்தார், அதில் ஒன்றுமில்லை. நல்ல விலைக்குப் புதுச் சப்பாத்தும் வாங்கியாயிற்று. நோ போகவில்லை.

ஒரு தாளைக் கொடுத்து, ஓடும் வழியைக் கீறச் சொன்னேன். உப்புவெளியில் இறங்கிக் கடற்கரையால் வடக்கே, சாம்பல்தீவுப் பக்கமாக. திரும்பும்போது நிலாவெளி வீதியால். எங்கள் கரையில் வடக்கு நோக்கி ஓடினால் கடல் வலது கைப்பக்கம். கரை கடலை நோக்கிச் சரிகிறது, ஆகவே அடிக்கு அடி வலது பாதம் பள்ளத்தில் விழுகிறது. சரி, திரும்பும்போது? எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி ஓட வேண்டும் என்று வீதியின் வலது ஓரத்தால் வருகிறார். சரியான பழக்கம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தார் வீதியை நடுவில் உயர்த்தி இரண்டு ஓரமும் சரித்துத்தான் போடுவார்கள், மழைத்தண்ணீர் வழிய வேண்டுமே. வலது ஓரத்தில் மறுபடியும் வலது பாதம்தான் பள்ளத்தில். போக வர ஒரே கால்!

இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஒட்டும் தடித்த பட்டை ஒன்று இருக்கிறது. பள்ளத்துப் பக்கக் காலில் அது கூடுதலாக இழுபட்டு, முழங்கால் மடங்கி நிமிரும் இடத்தில் எலும்போடு அழுத்துப்படும். அவர் விரல் வைத்துக் காட்டிய இடம் அச்சொட்டாக அதுதான். இரண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்தி, இடுப்புத் தசைக்குப் பயிற்சி கொடுத்து, பிறகு மட்டமான மைதானத்தில் மெதுவாகத் தொடங்க வைத்தேன். ஊசி, குளிசை ஒன்றும் தேவைப்படவில்லை.

இணையத்தில் பார்த்தால், வற்று நேரத்தில் ஈர மணலில் ஓடுங்கள், தளமாக இருக்கும் என்று எழுதியிருப்பார்கள். கடல் பல மீற்றர் ஏறி இறங்கும் நாட்டுக்காரர் எழுதியது அது. எங்கள் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீற்றரைக்கூடத் தொடாது. ஈர மணல் என்று கிடைப்பது ஒடுங்கிய ஒரு கீற்று, அதுவும் சரிவில். சரிவுக்குப் பயந்து மேலே ஏறினால் காய்ந்த மணல், கால் புதையும். அதில் ஓடக் கெட்டித் தரையில் ஓடுவதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி போகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். குதி தாழத் தாழக் கெண்டைக்காலும் குதிநாணும்தான் பாரத்தை வாங்கும். மணல் ஓட்டம் பிடிக்கும் என்றால் வாரத்தில் ஒரு நாள், கால் மணி நேரம், போன கரையாலேயே திரும்புங்கள். தொடக்கத்துக்கு அது காணும். கரைவலை இழுக்கும் நாளென்றால் மணலுக்கு மேலே கயிறு விறைத்து நிற்கும், அரை இருட்டில் கண்ணில் படாது. அது அவர்கள் தொழில் செய்யும் இடம். நாம் சுற்றிப் போனால் குறைந்துவிட மாட்டோம்.

வெறுங்காலோடு மணலில் நடந்தால் சீனி குறையும் என்று ஊரில் ஒரு கதை. நடந்தால் குறையும், உண்மை. சப்பாத்தைக் கழற்றுவதற்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் தோள் இறுக்கத்துக்கு என்னிடம் வந்துகொண்டிருந்தார், பதினான்கு வருடச் சீனி வருத்தம். தினமும் டச்பே கடற்கரையில் வெறுங்கால் நடை. ஒரு நாள் கட்டிலில் படுத்திருக்கும்போது தற்செயலாக அவருடைய பாதத்தைப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே, தடித்த தோலின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, சுற்றிவரச் சிவப்பு. வெட்டிப்போட்ட நகத்துண்டளவு சிப்பி உள்ளே ஏறி நின்றது. "எத்தனை நாளா ரீச்சர் இது?" என்றேன். "எது பிள்ளை?" என்றார். அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. உணர்வு செத்த பாதத்துக்கு முள்ளும் தெரியாது, சுடுமணலும் தெரியாது. அன்றே மருந்து கட்ட அனுப்பினேன். சீனி உள்ளவர்கள் மூடிய சப்பாத்தும் மேசும் போட்டு நடங்கள், வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

கோட்டை வழி வேறு மாதிரி. பிரட்றிக் கோட்டை வாசலால் நுழைந்து, மான்களைத் தாண்டி, கோணேசர் கோவில் மட்டும் ஏற்றம். இந்த ஊரில் இதைவிட வடிவான பாதை எனக்குத் தெரியாது. ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் முழங்கால் கெடுவது இறங்கும்போதுதான். மேலே நின்று படம் எடுத்துவிட்டு அந்த உற்சாகத்தில் பாய்ந்து இறங்குகிறவர்கள் அடுத்த நாள் கக்கூஸில் குந்த முடியாமல் வருவார்கள். ஏறி ஓடுங்கள், நடந்து இறங்குங்கள்.

அப்புறம் வெயில். மே தொடங்கி ஆவணி வரை எங்களுக்குக் கச்சான் காலம். மேற்கே மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வரும் காற்று இங்கே காய்ந்துபோய்ச் சூடாக வீசும். வியர்வை வந்த உடனேயே உலர்ந்துவிடும். "எனக்கு வேர்க்கவே இல்லை மிஸ்" என்பார்கள். பனியனை உதறினால் உப்புக் கொட்டும். கொழும்பிலிருந்து லீவுக்கு வந்து, முதல் நாளே எட்டு மணிக்கு ஓட வெளிக்கிடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். உடம்பு இந்த வெக்கைக்குப் பழகப் பத்துப் பதினாலு நாள் பிடிக்கும். ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். நீண்ட ஓட்டமென்றால் வெறும் தண்ணீரை மட்டும் லீற்றர் கணக்கில் குடிக்காமல் ஜீவனி உப்புக் கரைசலோ, இளநீரோடு ஒரு சிட்டிகை உப்போ எடுங்கள். கூட ஓடுகிறவர் தடுமாறி, சம்பந்தமில்லாமல் கதைத்தால் அது களைப்பு இல்லை, வெப்பத்தாக்கு. நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஒருவர் ஊற்ற, இன்னொருவர் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடட்டும். வண்டி வந்த பிறகு குளிர்விக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

கட்டாக்காலி நாய் கடித்தால், கீறல் என்றாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி. மஞ்சள் பூச வேண்டாம்.

அந்தத் தம்பி போன கிழமை வந்தார். முழங்கால் சுகம். "மிஸ், இனிக் கந்தளாய்க் குளக்கட்டில ஒரு ஞாயிறு ஓடிப்பாக்கலாமா?" என்று கேட்டார். காலுக்கு நல்ல இடம்தான். மண் பாதை, நீட்டுக்கு ஒரே மட்டம், ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட சனத்தைக் கொண்டுபோன குளம் அது. வயதானவர்கள் அந்தக் கட்டில் நின்றால் இப்போதும் அதைத்தான் கதைப்பார்கள்.

போகலாம் என்றேன். நன்றாக விடிந்த பிறகு, கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில், ஏனென்றால் வயலோரம் விரியன் கிடக்கும். தனியாகப் போக வேண்டாம், யானை நிற்கிறதா என்று அங்குள்ளவர்களிடம் முதலில் கேட்க வேண்டும். காதில் பாட்டு வேண்டாம்.

"முடிச்சிட்டுக் குளத்தில காலைக் கழுவலாம் தானே?"

"ஊர்ச்சனம் குளிக்கிற துறையில மட்டும். மற்ற இடத்தில முதலை இருக்கும் தம்பி."