நின்றால் சீராக ஓடும், மேடேறினால் திணறும்: கார் ஏன் இழுப்பதில்லை?

நிறுத்திவைத்து ரேஸ் கொடுத்தால் இன்ஜின் சீறுகிறது. அதே காரை மூன்றாம் கியரில் பாலத்தில் ஏற்றினால், ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தும் பிக்கப் வருவதில்லை. உடனே பிளக், ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினால் பணம்தான் கரையும். சுமை ஏறும்போது மட்டும் தலைகாட்டும் பழுதைச் சுமை ஏற்றித்தான் அளக்க வேண்டும்.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 1,200 சிசி பெட்ரோல் இன்ஜின் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் நின்று ஓடும்போது, நொடிக்குச் சுமார் 2 கிராம் காற்றை இழுக்கும். 4,000 ஆர்பிஎம்மில், த்ராட்டில் (காற்று நுழையும் வழியைத் திறந்து மூடும் தகடு) முழுக்கத் திறந்த நிலையில், அது ஏறக்குறைய 40 கிராம். சாதாரண ஓட்டத்தில் 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெட்ரோல். முழு மிதியில் கலவை கெட்டியாகி, 12.5 முதல் 13 கிராம் காற்றுக்கே 1 கிராம் பெட்ரோல் தேவைப்படும். ஆக, ஐடிலிங்கில் போவதைவிட 20 மடங்குக்கும் மேல் பெட்ரோல் போக வேண்டும். பாதி அடைத்த ஃபில்டர்கூட ஐடிலிங்குக்குத் தாராளம். நியூட்ரலில் 4,000 ஆர்பிஎம் வரை ஏற்றிப் பார்ப்பதும் சோதனை ஆகாது. சுமை இல்லாததால் அப்போது த்ராட்டில் கொஞ்சம்தான் திறந்திருக்கும்.

இன்ஜினைத் தொடுவதற்கு முன் இரண்டை விலக்கிவிடுங்கள். நான்காம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சட்டென்று முழுக்க மிதித்துப் பாருங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் தாவி ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. அடுத்து, பிரேக்கை அதிகம் தொடாமல் 5 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையை நீட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் பிடித்தபடி இருக்கிறது.

இரண்டும் இல்லையென்றால், திணறலின் குணத்தைக் கவனியுங்கள். வெட்டி வெட்டி இழுத்தால், அதாவது மிஸ்ஸிங் அடித்தால், பெரும்பாலும் தீப்பொறிக் கோளாறு. சுமையில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தாலோ, பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் காயிலின் ரப்பர் உறை வெடித்திருந்தாலோ மின்சாரம் பக்கவாட்டில் ஓடிவிடும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கிழித்தது போல ஒரு கருங்கோடு மேலிருந்து கீழே ஓடினால், அதுதான் அந்த மின்சாரம் போன வழி. அப்படி இருந்தால் பிளக்கையும் ரப்பர் உறையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையதில் உள்ள கரிக்கோடு புதியதையும் கெடுத்துவிடும்.

வெட்டாமல், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல ஒரே சீராகச் சக்தி குறைந்தால் காற்று, பெட்ரோல், புகைவழி இந்த மூன்றில் ஒன்று. இங்கே காரின் கணினியிலிருந்து எண்களைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் கைகொடுக்கும். செல்போனோடு சேரும் மலிவான கருவியே போதும். ஆனால் எரர் கோடு (பழுதுக் குறியீடு) இல்லை என்றால் பழுதே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஓடும்போது வரும் எண்களில்தான் விஷயம் இருக்கிறது. ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும், பக்கத்தில் இருப்பவர் எண்களைப் பார்க்கட்டும்.

முதலில் காற்று. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால், இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேனிஃபோல்டு சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டும். சென்னையில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும், 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் 77 அளவில். மலைமேல் இழுவை குறைவதில் ஒரு பங்கு பழுதே அல்ல. முழு மிதியில் 3,000 ஆர்பிஎம்மில் வரும் எண், சாவி திருப்பியபோது கண்ட எண்ணுக்குச் சற்றே குறைவாக இருக்கலாம். 10, 15 குறைந்தால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது குழாய் உள்வாங்குகிறது, அல்லது த்ராட்டில் முழுக்கத் திறக்கவில்லை.

அடுத்தது பெட்ரோல். முழு மிதியில், புகைவழியில் இருக்கும் முன் ஆக்சிஜன் சென்சார் 0.8 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். 0.2-க்குக் கீழே சரிந்தால் பெட்ரோல் போதவில்லை. லாம்டா எண் (14.7-க்கு 1 என்ற கலவையை 1 எனக் கொண்ட அளவு) காட்டும் புது வகை சென்சாராக இருந்தால், 1-க்கு மேல் போவது அதே அறிகுறி. ஃபியூல் ட்ரிம் (காரின் கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) ஐடிலிங்கில் சாதாரணமாக இருந்து, சுமையில் மட்டும் 10 சதவீதத்தைத் தாண்டி ஏறுவதும் இதே கதை. ஆனால் சுத்த பெட்ரோலுக்கென்று அமைத்த பழைய கார் 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் ஓடினால், ட்ரிம் எப்போதும் சில சதவீதம் கூடுதலாகவே நிற்கும். அதைப் பழுதென்று எண்ண வேண்டாம்.

பெட்ரோல் குறைவது உறுதியானால் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். முதலில் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானே நிற்கும்வரை ஓடவிட்டு லைன் அழுத்தத்தை இறக்குங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். சூடான இன்ஜினில் இதைச் செய்யக் கூடாது. பல கார்களில் அழுத்தம் 3 முதல் 4 பார். உங்கள் மாடலின் எண்ணை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். கேஜ் மாட்டியபின் ஃபியூஸைத் திரும்பப் போடுங்கள். நீள ஹோஸில் கேஜை வெளியே எடுத்து, முன்கண்ணாடியின் வெளிப்பக்கம் வைப்பருக்கு அடியில் டேப் போட்டு ஒட்டி, அந்த மேட்டிலேயே ஓட்டிப் பாருங்கள். கேஜைக் காருக்குள் கொண்டுவரவே கூடாது. ஐடிலிங்கில் 3.5 காட்டிய முள் ஏற்றத்தில் 2.5-க்கு இறங்கினால் பழுது பிடிபட்டது.

அப்போதும் பம்ப்பை உடனே மாற்றாதீர்கள். பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் பம்ப் கனெக்டரில், இன்ஜின் ஓடும்போதே வோல்டேஜ் அளந்து பாருங்கள். பேட்டரியில் 13.8 இருக்க, பம்ப்பில் 11.5 வந்தால் பம்ப் மெதுவாகச் சுற்றுவதற்குக் காரணம் வயர்தான். அந்த பிளாஸ்டிக் கனெக்டரில் ஒரு பின்னைச் சுற்றி மட்டும் பழுப்பேறி இளகியிருப்பதைக் கண்ணாலேயே காணலாம். வோல்டேஜ் சரியாக இருந்தால் மட்டுமே பம்ப்பையும் அதன் அடியில் உள்ள வலையையும் வெளியே எடுங்கள். எப்போதும் டேங்கைக் காலியாக ஓட்டினால் பம்ப் சீக்கிரம் போகும், அதைக் குளிர்விப்பது பெட்ரோல்தான்.

காற்றும் பெட்ரோலும் சரி என்றால், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டி 2,500 ஆர்பிஎம்மில் பாருங்கள். 3 பிஎஸ்ஐக்கு மேல் போனால் புகை வெளியேற வழியில்லை. மிஸ்ஸிங்கோடு பல நாள் ஓடிய காரில், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து தேன்கூட்டுப் பீங்கானை உருக்கிவிடும். பழைய பிளக்கையும் காயிலையும் அப்படியே விட்டுவிட்டுப் புதுக் கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் உருகும்.

வேலை முடிந்ததும் எரர் கோடுகளை அழித்துவிட்டு அதே பாலம், அதே மூன்றாம் கியர், அதே முழு மிதி. முன்பு குறித்துவைத்த எண்களோடு ஒப்பிடுங்கள். ட்ரிம் மறுபடி படிந்து நிற்கச் சில நாள் ஓட்டம் ஆகும். ஆக்சிஜன் சென்சாரின் 0.8 முதல் ஏற்றத்திலேயே தெரிந்துவிடும்.