முட்டி நரம்பைச் சுட்டால் கால் என்ன ஆகும்?

"நரம்பைச் சுட்டுடுவாங்களாமே, அப்புறம் கால் விளங்குமா?" தீராத முட்டிவலிக்கு ரேடியோ அதிர்வெண் வெப்பச் சிகிச்சை, அதாவது டாக்டர்கள் வாயில் ஆர்எஃப்ஏ, என்று பேச்சு எடுத்தாலே சிங்கப்பூரின் தேக்கா சந்தையிலும் வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலும் முதலில் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. பக்கவாதம் வந்து படுத்த உறவினர்களைப் பார்த்தவர்களுக்கு நரம்பு என்றாலே பயம் வரத்தான் செய்யும். இந்தப் பயத்தினாலேயே கோடாலித் தைலத்தையும் வலி மாத்திரையையும் வைத்து வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்குப் பாதிப் பதில் போதாது.

நரம்பு என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் ஓடும் இழைகளின் வேலை வேறு வேறு. தசையை அசைக்கும் கட்டளையைக் கொண்டுபோகும் இழைகள் ஒரு வகை. வலியையும் மற்ற உணர்வுகளையும் மூளைப் பக்கம் கொண்டுவரும் இழைகள் இன்னொரு வகை. தொடையில் ஓடும் பெரிய நரம்புகளில் இரண்டும் கலந்தே இருக்கும். முழங்காலை நெருங்கும்போது அவற்றிலிருந்து மெல்லிய கிளைகள் பிரிந்து மூட்டின் உறைக்குள் நுழைகின்றன. ஜெனிகுலர் நரம்புகள் என்று இவற்றுக்குப் பெயர். பெரும்பாலும் மூட்டிலிருந்து உணர்வைச் சுமந்து வருவதுதான் இவற்றின் வேலை. காலை நீட்டி மடக்கும் தசைகள் இவற்றை நம்பி இல்லை. ஆர்எஃப்ஏ சிகிச்சையில் சுடப்படுவது இந்தக் கிளைகள்தான்.

அதிலும் எல்லாவற்றையும் தொடுவதில்லை. வழக்கமாக மூன்று இடங்கள்: முட்டிக்கு மேலே உட்புறம், மேலே வெளிப்புறம், கீழே உட்புறம். கீழே வெளிப்புறத்தை வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். அங்கே ஃபிபுலா என்னும் கீழ்க்காலின் வெளிப்புற மெல்லிய எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு பெரோனியல் நரம்பு போகிறது. பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்கான நரம்பு அது. அதில் சூடு பட்டால் பாதம் தொங்கிப்போய் நடை தடுமாறும். ஆகவே அந்தப் பயத்துக்கு உடம்பில் உண்மையிலேயே ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்துக்குப் போகாமல் இருப்பதுதான் சிகிச்சையின் முதல் விதி.

சரி, இவ்வளவு மெல்லிய நரம்பைத் தோலுக்கு வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? எக்ஸ்ரேயில் நரம்பு தெரியாது, எலும்பு தெரியும். தொடையெலும்பின் நேரான தண்டு கீழே வந்து அகலமாக விரியத் தொடங்கும் வளைவில்தான் மேல் கிளைகள் இரண்டும் எலும்பை ஒட்டிப் போகின்றன. கீழ்க் கிளைக்கும் கணுக்கால் பக்கம் போகும் பெரிய எலும்பின் மேல்முனையில் அதே மாதிரி ஒரு வளைவு இருக்கிறது. நோயாளி மல்லாந்து படுத்திருப்பார், முட்டிக்கு அடியில் ஒரு தலையணை. மருத்துவர் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே எலும்பைத் தொடும் வரை ஊசியைக் கொண்டுபோவார். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவியை வைத்துச் செய்பவர்களும் இருக்கிறார்கள். நரம்போடு கூடவே ஓடும் சின்ன இரத்தக்குழாய் அதில் துடிப்பதைப் பார்க்கலாம்.

அடுத்து வருவது எனக்கு இந்தச் சிகிச்சையிலேயே மிகவும் பிடித்த கட்டம். ஊசிமுனை வழியாக 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 முறை, மிகச் சிறிய மின்துடிப்பை அனுப்புவார்கள்.

"ஆன்ட்டி, எங்க தெரியுது?"

"அங்கதான் டாக்டர். எப்பவும் வலிக்கிற இடத்துலயே குறுகுறுன்னு இருக்கு."

அரை வோல்ட்டுக்கும் குறைவாகக் கொடுக்கும்போதே இப்படித் தெரிந்தால் நரம்பு ஊசிக்கு மிக அருகில் இருக்கிறது என்று பொருள். பிறகு துடிப்பை 2 ஹெர்ட்ஸுக்கு மாற்றுவார்கள். தசையை அசைக்கும் நரம்பு பக்கத்தில் இருந்தால் காலோ பாதமோ துள்ளும். துள்ளினால் ஊசியை வேறு இடத்துக்கு நகர்த்துவார்கள். நோயாளியை முழு மயக்கத்தில் ஆழ்த்தாமல், பேசக்கூடிய நிலையில் வைத்திருப்பதற்கு இது முக்கியமான காரணம். எங்கே சுட வேண்டும், எங்கே சுடக்கூடாது என்பதற்கு நோயாளியின் உடம்பே சாட்சி சொல்கிறது.

மரத்துப்போகும் மருந்தைச் செலுத்திய பிறகே வெப்பம். சிங்கப்பூரில் நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த வேகத்தில் மாறும் மின்சாரம் நரம்பையும் தசையையும் தூண்டிவிடும், அதனால்தான் ஷாக் அடிக்கிறது. சிகிச்சைக் கருவி தருவதோ சுமார் 5 லட்சம் ஹெர்ட்ஸ். அத்தனை வேகமாக மாறும்போது நரம்பு தூண்டப்படுவதற்கு நேரமே கிடைப்பதில்லை, ஷாக்கும் இல்லை. ஆனால் திசுவில் உள்ள அயனிகள் என்னும் மின்னூட்டத் துகள்கள் அங்குமிங்கும் அலைக்கழிந்து உரசுவதால் சூடு உண்டாகிறது. ஊசியின் மேல் மின்காப்புப் பூச்சு இருக்கும். முனையில் 10 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் வெற்று உலோகம். மின்னோட்டம் அந்தச் சிறு இடத்தில் நெருக்கியடித்து வெளியேறி, தோலில் ஒட்டிய பெரிய பட்டை வழியாகப் பரவலாகத் திரும்புகிறது. அதனால் முனையைச் சுற்றி மட்டுமே சூடு.

பழுக்கக் காய்ச்சிய ஊசியை உள்ளே விடுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு. முதலில் சூடாவது திசு, திசுவின் சூடுதான் ஊசிக்கு ஏறுகிறது. முனையில் உள்ள வெப்ப உணரி அதை அளந்துகொண்டே இருக்க, கருவி 80 டிகிரி செல்சியஸை ஒட்டி 60 முதல் 90 நொடி வரை நிறுத்திவைக்கும். முட்டையின் வெள்ளைக்கரு வெந்து இறுகுவதுபோல நரம்பிழையின் புரதங்கள் அந்தச் சிறு நீளத்தில் இறுகிப்போகின்றன. அப்புறம் வலிச் செய்தி அந்த இடத்தைத் தாண்டி மேலே போக முடியாது.

இன்னும் அதிகமாகச் சூடாக்கினால் இன்னும் நல்லதுதானே என்றால், இல்லை. 100 டிகிரியைத் தொட்டால் திசுவில் உள்ள நீர் கொதிக்கும், திசு கருகும், கருகிய திசு மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். இதற்குத்தான் ஊசிக்குள்ளேயே நீரை ஓடவிட்டு முனையைக் குளிர்விக்கும் முறை வந்தது. முனை கருகாமல் இருப்பதால் வெப்பம் சுற்றிலும் பெரிய உருண்டையாகப் பரவுகிறது. நரம்பு போகும் பாதை ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும் என்பதால் உருண்டை பெரிதாக இருப்பது உதவி. முட்டித் தேய்மான வலிக்கு இந்தக் குளிர்விக்கும் முறையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017ல் அனுமதித்தது.

இத்தனைக்குப் பிறகும் நரம்பு செத்துவிடுவதில்லை. உணர்வு நரம்பின் உயிரணு, முதுகெலும்பை ஒட்டிய முடிச்சில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. சுட்டது அதன் நீண்ட இழையில் ஒரு துண்டை மட்டும். சுட்ட இடத்துக்கு அப்பால் உள்ள பகுதி சிதைந்துபோகும். அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேயர் 1850ல் தவளை நாக்கின் நரம்புகளை வெட்டிப் பார்த்து விவரித்த அதே சிதைவு. பிறகு மிஞ்சிய இழை நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில் மெல்ல வளர்கிறது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் வலி திரும்ப வருவது பலருக்கு இதனால்தான். செலவு செய்தும் நிரந்தரம் இல்லையே என்று வருத்தப்படுகிறவர்களின் மனம் புரிகிறது. ஆனால் ஏதாவது பிசகினால்கூட நரம்புக்கு மீளும் வழி இருப்பதை நான் இந்தச் சிகிச்சையின் பலமாகவே பார்க்கிறேன்.

தேய்ந்த குருத்தெலும்பை இது சரிசெய்யாது. மூட்டு அப்படியேதான் இருக்கும். வலி உண்மையிலேயே இந்தக் கிளைகள் வழியாக வந்தால்தான் பலனும் கிடைக்கும். அதனால் சுடுவதற்கு முன் ஒரு நாள், அதே இடங்களில் லிக்னோகெய்ன் போன்ற மரத்துப்போகும் மருந்தை மட்டும் போட்டுச் சோதிக்கிறார்கள். அன்றைக்கு வீட்டில் காலை நீட்டி ஓய்வெடுத்தால் சோதனை வீண். வழக்கமாக எது வலிக்குமோ அதைச் செய்து பார்க்க வேண்டும்: எம்ஆர்டி ரயில் நிலையத்துப் பக்கத்து மேம்பாலப் படிகளில் ஏறி இறங்குங்கள், சாமி அறையில் உட்கார்ந்து எழுந்திருங்கள். மருந்து வேலை செய்யும் அந்தச் சில மணி நேரத்தில் பத்துக்கு எத்தனை வலி என்று எழுதிவையுங்கள். வலி பாதியாவது குறையாவிட்டால் அடுத்த படிக்கு அவசரப்படாதீர்கள்.

இந்தச் சோதனையை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. முட்டிக்கு இந்தச் சிகிச்சையைச் சோதித்த முதல் ஆய்வு தென்கொரியாவில் நடந்து 2011ல் வெளிவந்தது. இந்த மரத்துப்போகும் மருந்துச் சோதனையில் தேறிய 38 பேரை மட்டும் சேர்த்தார்கள். 12 வாரம் கழித்து, நரம்பு சுடப்பட்டவர்களில் 17க்கு 10 பேருக்கு வலி பாதியோ அதற்கு மேலோ குறைந்திருந்தது. சுடாமல் ஒப்புக்கு ஊசி மட்டும் போட்ட குழுவில் அப்படி ஒருவரும் இல்லை. முதுகுவலிக்கும் இதே முறை உண்டு. நெதர்லாந்தில் 681 பேரை வைத்து நடந்து 2017ல் வெளியான ஆய்வுகளில், உடற்பயிற்சியோடு இதைச் சேர்த்ததால் சொல்லிக்கொள்ளும்படியான கூடுதல் பலன் கிடைக்கவில்லை. நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த விதமும் ஊசி வைத்த விதமும் போதாது என்று வலி மருத்துவர்கள் பலர் வாதாடினார்கள். ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதிச் சிகிச்சை இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

சுட்ட பிறகு சில நாள் வலி கூடுதலாகவே இருக்கலாம். முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். வலி குறைந்ததும் முன்தொடைத் தசைகளுக்கான பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். வலியோடு செய்ய முடியாத பயிற்சிகளை வலி இல்லாத மாதங்களில் செய்துகொள்ளத்தான் இந்த இடைவெளி. நரம்பு திரும்ப வளர்வதற்குள் தசை உறுதியாகிவிட்டால் மூட்டின் மேல் விழும் பாரம் குறையும்.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டி, அங்கிருந்து அரசாங்க மருத்துவமனையின் வலி சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் வாங்கிப் போனால் மானியக் கட்டணத்தில் பார்க்கலாம். மெடிசேவ் மருத்துவச் சேமிப்பிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். இரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை சாப்பிட்டாலோ நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தாலோ முன்கூட்டியே சொல்ல வேண்டும். பேஸ்மேக்கரின் வேலையில் இந்த மின்னோட்டம் குறுக்கிடக்கூடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி: முட்டியில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும், நரம்பைச் சுடுவதற்கு ஸ்டீராய்டு கட்டாயம் இல்லை. வலி திரும்பினால் இதையே மறுபடி செய்யலாம். முட்டி மாற்று அறுவை சிகிச்சைக்கும் இது குறுக்கே நிற்பதில்லை, பின்னால் தேவைப்பட்டால் அதையும் செய்துகொள்ளலாம்.