அப்பாவின் லீவு எப்போது முடியும்?

"அப்பா ரிட்டையர் ஆயிட்டார்னு தெரியும் ஆன்ட்டி. ஆனா லீவு எப்ப முடியும்னுதான் தோணிக்கிட்டே இருக்கு."

11 வயதுப் பையன் சொன்னது இது. நான் பெங்களூரு அல்சூர் பக்கம் பிள்ளைகளுக்குக் கவுன்சலிங் செய்கிறேன். ராணுவத்தின் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் மையமான எம்.இ.ஜி. சென்டர் பக்கத்திலேயே இருப்பதால், பட்டாளத்தை விட்டு வந்து இங்கேயே வீடு பார்த்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் நிறைய வருகின்றன. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

சிப்பாய், நாயக், ஹவில்தார்களில் பலர் ஐம்பது வயதுக்கு முன்பே வெளியே வந்துவிடுகிறார்கள், பிள்ளைகள் பள்ளியில் படிக்கும்போதே. அதுவரை அந்தப் பிள்ளைக்கு அப்பா என்றால் பெரும்பாலும் வருடாந்திர லீவில் பெட்டியோடு வருகிறவர். இப்போது அவர் தினமும் வீட்டில் இருக்கிறார், ஐந்து மணிக்கு எழுப்புகிறார், அலமாரியைச் சரிபார்க்கிறார், இத்தனை வருஷம் எல்லாவற்றையும் தனியாகப் பார்த்துக்கொண்ட அம்மா திடீரென்று எதற்கும் அவர் முகத்தைப் பார்க்கிறாள். குவார்ட்டர்ஸ் போச்சு, சிநேகிதர்கள் போச்சு. அந்தப் பையனுக்கு இந்திதான் சரளம், தமிழ் பேசத் தெரியும் எழுதத் தெரியாது, இங்கே வகுப்பிலோ கன்னடம். ஜலந்தரில் யூனிஃபார்மில் பார்த்த அப்பா இப்போது ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். அது கௌரவமான வேலைதான். ஆனால் பையன் வகுப்பில் யாரிடமும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு வெளியே வருமுன் மறுவேலைக்கான பயிற்சி தருகிறார்கள். அப்புறம் ராணுவக் கேன்டீன் கியூவிலும், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.ஹெச்.எஸ். பாலிகிளினிக்கிலும் "எந்த யூனிட்?" என்று கேட்டு அரை நிமிஷத்தில் ஒட்டிக்கொள்ள ஆள் கிடைத்துவிடுகிறது. பிள்ளைக்கு அப்படி ஓர் இடமே இல்லை.

மூன்று சந்திப்புகளில் நான் சொன்ன ஆறுதல் எதுவும் அவனுக்குள் இறங்கவில்லை. பிறகு, இரு வீட்டிலும் சம்மதம் கேட்டு, இதையெல்லாம் நான்கு வருஷம் முன்பே தாண்டி வந்த ஒரு பி.காம். மாணவியை அழைத்தேன். "எங்கப்பாவும் அஞ்சு மணிக்கு எழுப்புவார்டா, ஷூ பாலிஷ் செக் பண்ணுவார். ஒரு வருஷம் ஆச்சு. இப்ப நான்தான் அவரை எழுப்பறேன்" என்றாள். அவன் சிரித்தான். அப்புறம் ஒரு மணி நேரம் பேசினான், பாதி இந்தியில்.

இதற்குப் பெரிய அமைப்பு எதுவும் வேண்டாம். மூன்று நான்கு பிள்ளைகள், அதில் ஒருவராவது இரண்டு வருஷம் முன்னால் கடந்தவர், ஞாயிற்றுக்கிழமை அல்சூர் ஏரிக்கரையில் ஒரு நடை. பெரியவர்கள் கண் பார்வையில் இருந்தால் போதும், காதைக் கொடுக்க வேண்டாம்.

ஒன்றில் மட்டும் நான் கறாராக இருக்கிறேன். மூத்த பிள்ளையைக் குட்டி டாக்டராக்காதீர்கள். வீட்டில் குடி, அடி, "சாகணும் போல இருக்கு" என்ற பேச்சு, இவை காதில் விழுந்தால் ரகசியம் காக்காமல் பெரியவரிடம் வந்து சொல்ல வேண்டும் என்று அந்த மாணவியிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால் நிபுணரைப் பாருங்கள். மன நல உதவிக்கு டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098.

அடுத்த முறை கேன்டீன் கியூவில் நிற்கும்போது, யூனிட்டைக் கேட்ட கையோடு, "உங்க பையன் என்ன படிக்கிறான்?" என்றும் கேளுங்கள்.