"இங்கே வெயில்தானே" என்று அருவியில் இறங்காதீர்கள்

தைப்பூசக் காவடிக்காகப் பாரிசிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் இந்தியப் பெருங்கடலின் பிரெஞ்சுத் தீவான ரெயூனியன் வரும் குடும்பங்கள், திருவிழாவுக்கு முன்போ பின்போ ஓர் அரைநாளை ஒதுக்கி அருவி பார்க்கக் கிளம்புவது வழக்கமாகிவிட்டது. காலையில் சேந்த் சுசான் ஊரின் நயாகரா அருவி, பிறகு சேந்த் ஆந்த்ரே வழியாக மலையேறி சலாசி, வழியில் "மணப்பெண் முகத்திரை" என்று பொருள்படும் வுவால் து லா மரியே அருவி, கடைசியில் எல்பூர் என்னும் பழைய ஊர். மதியச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கிவிடலாம். நல்ல பயணம்தான். ஆனால் இந்தப் பருவத்திலும் அதே காட்சி. வழிகாட்டி வேண்டாம் என்கிறார், எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, கயிறு கட்டியிருக்கிறது. அதையெல்லாம் தாண்டி நாலு பேர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நிற்கிறார்கள். கேட்டால் ஒரே பதில்: "மழையே இல்லையே, வெயில் அடிக்குதே!" இதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்த்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் தலைக்கு மேலே இருக்கும் வானத்துக்கும் உங்கள் காலடியில் ஓடும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை. அந்தத் தண்ணீர் மேலே, கண்ணுக்குத் தெரியாத காட்டில், மேகத்துக்குள் பெய்த மழை. இந்தத் தீவின் மிக உயர்ந்த சிகரமான பித்தோன் தெ நேஜ் சுமார் 3,070 மீட்டர். அங்கிருந்து கடற்கரை நேர்க்கோட்டில் சுமார் 25 கிலோமீட்டர்தான். அவ்வளவு குறுகிய தூரத்தில் அவ்வளவு உயரம் என்றால், மேலே விழுந்த மழை நின்று நிதானித்து வருவதற்கு இடமே கிடையாது. காவிரியில் தண்ணீர் திறந்துவிட்டால் கல்லணைக்கு வந்து சேர நாள் கணக்காகும். ஊருக்கு ஊர் தண்டோரா போட நேரம் உண்டு. இங்கே நிமிடக் கணக்குதான். கீழே கரும்புத் தோட்டத்தில் வெயில் கொளுத்தும். அதே நேரத்தில் மேலே கொட்டிக்கொண்டிருக்கும். கடற்காற்று கிழக்கிலிருந்து வந்து மலையில் முட்டி மேலேறிக் குளிர்ந்து மழையாகிறது. அதனால் நயாகராவும் சலாசியும் இருக்கும் கிழக்குப் பக்கம்தான் தீவிலேயே அதிகம் நனையும் பக்கம்.

எவ்வளவு நனையும்? 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது இந்தத் தீவின் ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பதிவானது. 24 மணி நேர மழைக்கு உலக சாதனை இன்றுவரை அதுதான். சென்னைக்கு ஓர் ஆண்டு முழுக்கக் கிடைப்பதே சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில்தான். 2007 பிப்ரவரியில் கமேத் புயலில், எரிமலைப் பக்கத்துக் கொமெர்சோன் பள்ளத்தில் மூன்று நாளில் 3,900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. இரண்டு சாதனைகளின் மாதத்தையும் கவனியுங்கள்: ஜனவரி, பிப்ரவரி. காவடிக்கு நீங்கள் வந்து இறங்கும் அதே வாரங்கள். ஊரில் அது பனிக்காலம், வறண்ட காலம் என்ற நினைப்போடு விமானம் ஏறி வருகிறீர்கள். இங்கே அது புயல் பருவத்தின் உச்சி.

அடுத்த வாதம் குற்றாலம். "சின்ன வயசிலிருந்து குற்றாலத்தில் குளிச்சவங்க நாங்க." சரி, ஆனால் குற்றாலம் மெயினருவியில் தண்ணீர் நேரே உங்கள் தலையில் விழுவதில்லை. பாதி உயரத்தில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் அடங்கி, வழிந்துதான் உங்கள்மேல் இறங்குகிறது. பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது, காவலர் நிற்கிறார், தண்ணீர் கூடினால் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றுகிறார்கள். அத்தனை ஏற்பாடும் இருந்தும் 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனதே, மறந்துவிட்டதா? இங்கே கம்பி இல்லை, காவலர் இல்லை, பொங்குமாங்கடல் இல்லை. தண்ணீர் செங்குத்துப் பாறையிலிருந்து நேரே குளத்தில் குத்துகிறது. குத்தும் இடத்தில் நுரையும் காற்றுக்குமிழியும் கலந்திருப்பதால் அந்தத் தண்ணீர் ஆளைத் தூக்கிப் பிடிக்காது. நல்ல நீச்சல்காரரும் அமிழ்வார். கீழே சுழலும் நீர் திரும்பத் திரும்ப அருவியடிக்கே இழுக்கும். இதற்கு நீச்சல் பழக்கம் மருந்தல்ல.

வெள்ளம் வரும் முன் ஆறு பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வரும். கேட்கத் தெரிய வேண்டும். தெளிந்த நீர் தேநீர் நிறமாக மாறுவது முதல் அடையாளம். அடுத்து சருகும் சுள்ளியும் மிதந்து வரும். கரையோரக் கல்லில் கொஞ்ச நேரம் முன்பு வரை காய்ந்திருந்த விளிம்பு நனைந்திருக்கும். சத்தம் கனக்கும்; கற்கள் உருளும் உறுமல் கேட்கும்; ஈரமண் வாசம் வரும். இவற்றில் ஒன்று தென்பட்டாலே போதும், எழுந்து மேட்டுக்குப் போங்கள். செருப்பு, பை, துண்டு எதையும் எடுக்கத் திரும்பாதீர்கள். வழிகாட்டித் தொழிலில் இருப்பவர்கள் குளக்கரையில் உட்காரும்போதே நீர்விளிம்பில் ஒரு கல்லைக் குறித்து வைத்துக்கொள்வார்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்க. நீங்களும் செய்யலாம், காசா பணமா.

ஏற்கெனவே தண்ணீர் ஏறி, கார் அந்தக் கரையிலும் நீங்கள் இந்தக் கரையிலும் மாட்டிக்கொண்டால், கடக்கவே கூடாது. உயிர் போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான், அருவிக்கு அடியில் அல்ல. முழங்காலைத் தொடாத தண்ணீரும் வேகமாக ஓடினால் ஆளைச் சாய்க்கும். முப்பது சென்டிமீட்டர் ஆழமுள்ள ஓட்டம் சிறிய காரையே நகர்த்தும். நிற்கும் கரையிலேயே முடிந்தவரை மேலே ஏறி உட்காருங்கள். 112 எண்ணுக்கு அழையுங்கள். மழை நின்றால் இந்த ஆறுகள் ஏறிய வேகத்திலேயே இறங்கவும் செய்யும். சில மணி நேரம் நனைந்து குளிரில் காத்திருப்பது பெரிய விஷயமல்ல. மலை மீட்புக் குழுவின் ஹெலிகாப்டர் வந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். மேகம் மூடினால் அது பறக்க முடியாது, வெள்ளம் வரும் நாளில் மேகம் மூடித்தான் இருக்கும்.

பாறையிலிருந்து குளத்தில் குதிக்கும் இளைஞர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. போன வருடம் இங்கே ஆழம் இருந்தது என்பது சாட்சியே அல்ல. ஒவ்வொரு வெள்ளமும் அடியில் கிடக்கும் குண்டுக்கற்களை இடம் மாற்றிப் போடுகிறது. பெண்கள் சேலையோடு இறங்க வேண்டாம். நனைந்த சேலை காலைக் கட்டும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. ஏற்கெனவே பாசி பிடித்த எரிமலைப் பாறையில் எண்ணெயும் சொட்டினால், அடுத்து கால் வைக்கும் குழந்தை வழுக்கி விழும். தயவுசெய்து வேண்டாம்.

சலாசிக்கு ஏறும் சாலையில் பிஸ் ஆன் லேர் என்ற சிறு அருவி ஓடும் வண்டியின் கூரைமேலேயே விழும். உடனே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் படம் எடுக்கிறார்கள். தண்ணீர் விழும் இடத்தில் கல்லும் விழும். இந்த மலைச்சுவர்கள் ஒரே பாறை அல்ல. கெட்டியான எரிமலைக் குழம்புப் படலமும், இடையிடையே உதிரியான சாம்பலும் கசடும் கலந்த படலமும் அடுக்கடுக்காக இருக்கின்றன. நீர் மென்மையான அடுக்கை அரித்துவிட, மேலே கெட்டியானது பிடிமானம் இல்லாமல் துருத்தி நின்று ஒரு நாள் உடையும். மழை நின்று இரண்டு நாள் கழித்தும் உடையும். சலாசியின் கிராண்ட் சாப்ல் பகுதியில் 1875‑இல் மலைச்சரிவு ஒரு குடியிருப்பையே மூடி, அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆகவே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிற்காமல் கடந்து போங்கள். முகத்திரை அருவியைச் சாலையோரப் பார்வையிடத்திலிருந்து பாருங்கள்; அதன் முழு உயரமும் அங்கிருந்துதான் தெரியும். அடிவாரத்துக்கு இறங்கினால் பாதிதான் தெரியும், கல்லுக்கு நேர் கீழேயும் நிற்பீர்கள்.

எல்பூருக்கு வருவோம். சில சுற்றுலா விளம்பரங்கள் இதை "இடைக்கால நகரம்" என்று விற்கின்றன. கோட்டையும் கொத்தளமும் தேடி வருபவர்கள் ஏமாறுகிறார்கள். இந்தத் தீவில் மனிதர் நிலையாகக் குடியேறியதே 1663‑இல்தான், இடைக்காலம் எங்கிருந்து வரும்? ஊர் 19ஆம் நூற்றாண்டுடையது. 1831‑இல் இங்கே வெந்நீர் ஊற்று கண்டுபிடிக்கப்பட்டு, வசதியுள்ளோர் நோய் தீரக் குளிக்க மலையேறி வந்தார்கள்; வீடுகள் எழுந்தன. 1948 புயலில் சரிந்த மண் ஊற்றை அடைத்துவிட்டது. பெயரை Hell-Bourg என்று எழுதினாலும் அதில் நரகம் எதுவும் இல்லை. தெ எல் என்ற ஆளுநரின் பெயர் அது. பார்க்க வேண்டியது மரவீடுகளின் கூரை விளிம்பில் தொங்கும் செதுக்குப் பட்டைகளை. அழகுக்கு மட்டுமல்ல, மழைநீர் சுவரில் வழியாமல் தள்ளிச் சொட்டுவதற்கும்தான். பழைய குளியல் கட்டடத்தின் இடிபாட்டுக்கு இறங்கும் பாதை ஈரமும் பாசியுமாக இருக்கும். ரப்பர் செருப்பில் போகாதீர்கள், அடியில் ஆழமான வரி உள்ள காலணி வேண்டும். பந்தல் பந்தலாகப் படர்ந்திருப்பது நம் சௌசௌதான். இங்கேயும் பெயர் ஷுஷுதான். கொஞ்சம் ருசி பார்த்துவிட்டுத்தான் இறங்குங்கள்.

"அரைநாள்தானே" என்ற நினைப்பும் ஆபத்து. சலாசிக்கு வண்டிப் பாதை ஒன்றே ஒன்று. மண் சரிந்து அது அடைபட்டால் அரைநாள் இரண்டு நாளாகும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, ஊர் திரும்பும் விமானம் உள்ள நாளில் இந்தப் பயணத்தை வைக்காதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் இரண்டு நாளுக்குக் கையோடு இருக்கட்டும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை, ஒரு மாற்று உடை. மலையில் காலை பத்து, பதினொரு மணிக்கே மேகம் ஏறிவிடுவதால் தலைநகர் சேன் தெனியிலிருந்து ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். தாமதமாக எழுந்துவிட்டு "அருவியே தெரியலையே" என்று வழிகாட்டியைக் கோபிப்பதில் அர்த்தமில்லை.

பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். மலைப்பாதைக்கு அழைத்துப்போகும் வழிகாட்டியிடம் தொழில் அட்டை இருக்கிறதா (காட்டச் சொல்லுங்கள், அது மரியாதைக் குறைவல்ல), காப்பீடு இருக்கிறதா, மழையால் நின்றால் பணம் திரும்ப வருமா. மூன்றாவதுக்கு "வராது" என்பவரிடம் போகாதீர்கள். பணத்தைத் திருப்ப மனமில்லாதவர் வண்டியைத் திருப்பவும் தயங்குவார். நல்ல வழிகாட்டி முந்தின மாலையும் அன்று அதிகாலையும் பிரெஞ்சு வானிலைத் துறையான மெத்தியோ பிரான்ஸின் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார். அவர் வேண்டாம் என்றால் "காசு கொடுத்திருக்கோமே" என்று அவரை நெருக்காதீர்கள். பத்துப் பேர் சேர்ந்து முகம் சுளிக்கும்போது ஒரு மனிதர் தன் முடிவில் நிற்பது எவ்வளவு கடினம் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

பிரெஞ்சு தெரியாதவர்கள் இவற்றை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "பெஞ்ஞாத் அந்தெர்தீத்" என்றால் குளிக்கத் தடை. "சாந்தியே ஃபெர்மே" என்றால் பாதை மூடப்பட்டது. "ஷூத் து பியேர்" என்றால் கல் விழும் இடம். "அக்சே அந்தெர்தி" என்றால் உள்ளே போகக் கூடாது. பலகையில் நாள்பட்ட துரு இருந்தாலும் உத்தரவு செல்லும்.

தண்ணீரில் இறங்கியவர்களுக்கு இன்னொன்று. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். கீறலோ சிராய்ப்போ இருந்தால் அதன் வழியே கிருமி நுழையும். மழைக்காலத்தில் இது கூடும். காலில் காயம் இருந்தால் தண்ணீர் புகாதபடி கட்டுப் போடுங்கள், இல்லையேல் இறங்காதீர்கள். ஊர் திரும்பி மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும், குறிப்பாகக் கெண்டைக்கால் வலியும் வந்தால், டெங்கு என்றோ சிக்குன்குனியா என்றோ நீங்களே முடிவு கட்டி மாத்திரை போட்டுக்கொள்ளாதீர்கள். மருத்துவரிடம் போங்கள். "ரெயூனியனில் அருவியில் குளித்தேன், இன்ன தேதியில்" என்று அவர் கேட்கும் முன் நீங்களே சொல்லுங்கள்.